இரும்புப் பின்னல் தூண்களின் நாயகர் சுவாம்பிள்ளை அவர்களுக்கு

மன்னார் மண் ஈன்ற மாணிக்கமே! மதோனியே மலையின் மஞ்சு தவழும் முகடுகளில், பனிச்சறுக்கு லிப்ற்றின் இரும்பு வடம் இடறாமல் ஓட இளமையை ஈந்த ஏந்தலே! எண்ணெய்க் கையராய் ஏறி இன்முகத்தராய் இறங்கிய எங்கள் மூத்தவரே! பலெர்மோப் பட்டறையின் பணியாளர் நாங்கள், தங்கள் ஓய்வு நாளில் தலை நிமிர்ந்து வாழ்த்தவே எண்ணியிருந்தோம். தலை குனிந்து வாழ்த்துகிறோம்.

வதிவிட அனுமதி தரும் குவெஸ்தூரா வாசலில் எங்களுக்காகக் கால்கடுக்க நின்ற கருணையே! ஓடும் சில்லின் ஓசை கேட்டே அதன் நோய் சொல்லும் வித்தகரே! தங்கள் பெருமையை அடுக்க இந்த வாழ்த்து மடல் போதாது. ஆனாலும் அதில் பாதியை எங்கள் சிறுமைக்கே ஒதுக்க வேண்டியதாயிற்று, பொறுத்தருள்க!

தூண் என்றால் எல்லாம் தூண்தானே என்று இருந்துவிட்டோம். பழைய தடத்தை அமைத்த கம்பனி நான்கு கால் நட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்களைப் பின்னித் தூண் செய்தது. உள்ளே புகுந்து ஏறலாம். எந்தப் பக்கம் கை நீட்டினாலும் பிடிக்க ஒன்று அகப்படும். புதிய தடத்தின் கம்பனியோ வழுவழுத்த ஒற்றைக் குழாயை நட்டு, ஒரு பக்கம் ஏணியை ஒட்டி, இடுப்புப் பட்டியின் கொக்கியை நம்பி ஏறு என்று விட்டுவிட்டது. தாங்கள் வாழ்நாளெல்லாம் ஏறியது முன்னதில். நாங்கள் தங்களை ஏற்றியது பின்னதில்.

புதுத் தூணில் மூத்தவர் முதலில் ஏறி, மாதா சுரூபத்தையும் எலுமிச்சம்பழத்தையும் கட்டுவது வேதக்காரரும் சைவரும் கலந்த எங்கள் பட்டறையின் வழக்கம். கடைசி வேலைநாளில் அந்தக் கௌரவம் தங்களுக்கே என்று மாலை போட்டு அனுப்பினோம். பங்குச் சனமெல்லாம் சாப்பாட்டுப் பொதிகளோடு கீழே கூடியிருந்தது. பாதி ஏணியில் தங்கள் கால் நின்றுவிட்டது. கை குறுக்குச் சட்டத்தைத் தேடியது. அங்கே இருந்தது காற்று மட்டும். எங்கள் பட்டறைக் கோபாலசிங்கம் ஏறிவந்து தங்களைத் தம்மோடு பிணைத்து இறக்கும்வரை நாங்கள் சிரித்தோம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வீடியோக் கமராவைத் தோளில் வைத்திருந்த எங்கள் பட்டறை டெனிஸ்டன்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார். அப்போது அவருக்கு அது நல்ல பகிடி. அதைவிட நல்ல பகிடி, பலெர்மோவின் சீசாப் பகுதியில் நடந்த ஒரு ஞானஸ்நான விருந்தில் அந்தக் கசற்றைப் போட்டுக் காட்டியது. கூடம் குலுங்கிக்கொண்டிருந்தபோதுதான், தங்கள் துணைவியார் யூலியானா அம்மையார் வாசலில் நிற்பதை அவர் கண்டார். நிறுத்தக் கை போயிற்று. விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மையார் கடைசிவரை நின்று பார்த்தார்.

"முடிஞ்சுதோ தம்பி? அப்ப நான் போட்டு வாறன்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று டெனிஸ்டன் பிறகு சொன்னார்.

பிரியாவிடைக்குத் தாங்கள் வரமாட்டீர்கள் என்று செய்தி வந்தது. அழைத்துவர வேண்டியவர் ஆர் என்று நாங்கள் விவாதிக்கவில்லை, டெனிஸ்டனும் மறுக்கவில்லை. தங்கள் வீட்டு மாடிப்படியை அவர் தனியே ஏறினார். கதவைத் திறந்தவர் தாங்களே.

"அண்ணை, பயப்பிடுறது ஆருக்கும் வரும்தானே..." என்று தொடங்கினார்.

"பயந்தனான்தான். அதிலை எனக்கொரு வெக்கமுமில்லை," என்றீர்கள். "முதலாளி பத்ரோனிட்டை, இவன் என்ரை வீட்டுப் பெடியன் எண்டு சொல்லித்தான் உம்மைச் சேர்த்தனான். அவ்வளவு சனம் சிரிக்கேக்கை, உம்மடை சத்தம்தான் எனக்கு மேலை வரைக்கும் கேட்டது. அதுதான் வெக்கம்."

"அண்ணை, எனக்கு அடியுங்கோ."

"அடிச்சு என்ன காணுறது? இரும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

யூலியானா அம்மையார் வைத்த கோப்பை ஆறிப்போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை டெனிஸ்டன் சிறுவயதில் படித்தவர்தான். அது தம்மைப் பற்றியது என்று அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் விளங்கிற்று. எழும்பும்போது ஒன்று கேட்டார். "அண்ணை, மடலை நான் வாசிக்கட்டோ? நான் செய்ததையும் எழுதச் சொல்லுறன்."

ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு, "வாசியும் பாப்பம்," என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பியே இந்தப் பங்கு மண்டபத்தில் கதிரைகள் போட்டோம்.

ஆகவே, பெருந்தகையே! அஞ்சா நெஞ்சர் என்று இம்மடலில் எழுதவில்லை. அது தங்களுக்குப் பொய், எங்களுக்கு முகத்துதி. அஞ்சியதை மறைக்காத ஆண்மையரே என்று எழுதுகிறோம். தங்கள் முழங்கால்கள் நோவின்றி நடக்கட்டும்! யூலியானா அம்மையாரோடு நீடு நலமாய், நிறை மனதாய்த் தாங்கள் வாழ்க, வாழ்க!

இவ்வளவையும் ஒரு சொல் விடாமல், ஊர் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் டெனிஸ்டன்தான். வாசித்து முடித்ததும் மடலோடு தங்கள் முன்னால் வந்து நிற்பார். மண்டபத்தில் நாங்கள் ஒருவரும் சிரிக்க மாட்டோம். ஐயா, விரும்பினால் அவரைப் பார்த்துத் தாங்கள் சிரியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புக்கு அருகதை தேடும் பட்டறைப் பணியாளர்
பலெர்மோ, 1996 ஒக்ரோபர்