அறுபத்து நான்கில் ஒரு புள்ளி

தைவானில், எங்கள் தைச்சுங் நகர அலுவலகத்தில் படித்தவர்கள்கூட, எந்திரம் ஒழுங்காக ஓட வேண்டுமென்று அதன் பக்கத்தில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் வைப்பார்கள். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். காலாவதித் தேதி தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

மருத்துவர்கள் எக்ஸ்ரே படங்களைக் கைப்பேசியில் பார்க்க ஒரு செயலி செய்து, சில மருத்துவமனைகளுக்குக் கொடுத்திருந்தோம். ஒரு படம் கோப்பாக இருக்கும்போது மூன்று எம்பி. திறந்து விரித்தால் முப்பத்தாறு. பழையது, புதியது என்று ஏழெட்டைத் திறந்தால் நினைவகம் நிரம்பி, செயலி தானாக மூடிக்கொள்ளும். மேலாளர் கோ அதைத் தினமும் எல்லோர் முன்னாலும் எனக்குச் சொல்லிக்காட்டுவார்.

எனக்குக் கீழே வேலை பார்த்த யூச்சின் கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் தெரியும்.

"படத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, திரையில தெரியறத மட்டும் ஏத்தலாம் அண்ணே. மூணு வாரம் ஆகும். படத்தச் சுருக்கி மட்டும் வெச்சுடாதீங்க, சின்னப் புள்ளி காணாமப் போயிடும்."

மூன்று வாரமாம். அவளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு, ஒரே வரி நிரலில் படத்தைச் சுருக்கி முடித்தேன். அகலத்தில் எட்டுக்கு ஒன்று, உயரத்தில் எட்டுக்கு ஒன்று. அறுபத்து நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் மிஞ்சும். அந்தச் சின்னத் திரையில் யாருக்குத் தெரியப்போகிறது?

"நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்," என்றேன். அவள் நம்பினாள். என் சோதனைக் கைப்பேசி பக்கத்தில் பொட்டலமும் வைத்தாள்.

சோதிக்கப் படம் கேட்டபோது, இருமலுக்காக எடுத்த தன் அப்பாவின் நெஞ்சுப் படத்தைக் கொடுத்தாள். என் மேஜையின் பெரிய திரையில், வலப்பக்கம் மேலே வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. கைப்பேசியில் இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.

மறுநாள் அவருடைய மருத்துவர் அதே படத்தை எங்கள் செயலியில் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். யூச்சின் எல்லோருக்கும் அன்னாசிக் கேக் கொடுத்தாள். நானும் ஒன்று தின்றேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், கோ முன்னால் அவள் பேச்சே சரியென்று ஆகியிருக்கும்.

பதினொரு மாதத்தில் அவள் அப்பா நுரையீரல் புற்றில் இறந்தார். துக்கம் முடிந்து வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்து, பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு அப்பா படத்துல மட்டும் ஏதோ கோளாறு ஆயிருக்கு. இது அப்பவே தேதி தாண்டினது அண்ணே. நான்தான் பாக்காம வெச்சுட்டேன்."

அவ்வளவு படித்தவள், அதைச் சொல்லித் தேம்பி அழுதாள்.

"இனிமே தேதியப் பாத்து வை," என்றேன்.

வாக்குமூலத்தில் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். கீழே இதையும் ஒரு வரி சேருங்கள். அந்தப் பதினொரு மாதத்தில் என் செயலி ஒரு முறைகூட மூடிக்கொள்ளவில்லை.