நின்று பார்த்த பந்து

வெஸ்: ...வாடா, வா. அவசரமே இல்ல. நேத்து நின்ன மாதிரி இன்னிக்கும் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போ.

கார்வின்: போன வருஷம் வரைக்கும் இந்த வாய் நம்ம டீம்ல இருந்துச்சு. இப்ப எதிர் டீம்ல. மத்தபடி நாத்தம் அதேதான்.

வெஸ்: சூரியகாந்தி விதைடா. வேணுமா?

கார்வின்: நீ மென்னதையா? வேணாம் சாமி.

லோமாக்ஸ்: கொஞ்சினது போதும். கார்வின், மட்டையோட கட்டத்துக்குள்ள வா. வெஸ், பந்து பிடிக்க நீ குந்து. வெயில்ல நான் வேகறேன்.

கார்வின்: ஒரு நிமிஷம் சார். ஷூ லேஸ்.

லோமாக்ஸ்: பேஸ்பால் அம்பயரா நின்னு நின்னு என் தலை நரைச்சுடுச்சு. அடி விழும்னு தெரிஞ்ச அன்னிக்கு எல்லாப் பயலுக்கும் லேஸ் அவுந்துடுது.

கார்வின்: எனக்கென்ன பயம்?

வெஸ்: உனக்கா? பயமா? சேச்சே. எங்க டகெட் பந்து போட மேட்டுல நிக்கிறான் பாரு. ஆறரை அடி ஆளு. கையை விட்டு கிளம்பினா பந்து எங்க போகும்னு அவனுக்கே தெரியாது. உனக்கு என்ன பயம்?

கார்வின்: நேத்து ஹோபிதானே போட்டான்... அவனை பெஞ்சுலயே காணோமே?

வெஸ்: அவன் பேரை நீ சொல்லாத.

கார்வின்: ஏன்டா?

லோமாக்ஸ்: பந்து வெளியே! ஸ்ட்ரைக் இல்ல!

வெஸ்: டீமை விட்டே அனுப்பிட்டாங்க. நேத்து ஆட்டம் முடிஞ்சு ஷூவைக்கூட கழட்டல, மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். காலைல நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். அர்கன்சாஸுக்கு. மாமனாரோட கோழிப் பண்ணைக்கு.

கார்வின்: ஐயோ... எனக்குத் தெரியாதுடா.

வெஸ்: உனக்கு எப்படித் தெரியும்? நீ அவன் பந்தை வேலி தாண்டி அடிச்ச ஹோம் ரன்னை ரசிச்சுக்கிட்டு இருந்த.

கார்வின்: ரசிக்கல.

வெஸ்: பின்ன? மட்டையைத் தூக்கிப் போட்டுட்டு சிலை மாதிரி நின்ன. ஓடல. நடக்கக்கூட இல்ல. தோள்பட்டைல ஊசி குத்திக்கிட்டு வந்து போடற மனுஷன்டா அவன். மேட்டுல நின்னு உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தான்.

கார்வின்: மட்டையைப் போடல. கைலேருந்து விழுந்துச்சு.

வெஸ்: ஆமா. வாய்லேருந்து பொய் விழற மாதிரி.

லோமாக்ஸ்: வெஸ், உன் ஆளு உன் விரலுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறான். எந்தப் பந்து போடணும்னு சைகையைக் காட்டு.

வெஸ்: காட்டறேன் சார், காட்டறேன்.

லோமாக்ஸ்: ஸ்ட்ரைக்!

வெஸ்: அதைக்கூட விட்டுட்டியா? தட்டுல வெச்சு நீட்டின பந்துடா அது.

கார்வின்: பாத்துக்கிட்டு இருந்தேன்.

வெஸ்: பாக்கறதுல உன்னை மிஞ்ச ஆளே இல்ல.

கார்வின்: வீட்ல லோர்னா உன்னைக் கேட்டா. நேத்து ஏன் சாப்பிட வரலன்னு. பீச் பழப் பலகாரம் சுட்டு வெச்சிருந்தா, உனக்குன்னு.

வெஸ்: பேச்சை மாத்தாத.

கார்வின்: மாத்தல. கேட்டா, சொல்றேன்.

வெஸ்: ...நல்லா இருக்காளா?

கார்வின்: இருக்கா. உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கா. உன் பங்கையும் நானே தின்னேன்.

லோமாக்ஸ்: தபால் ஆபீஸ் வேலையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். ஆடுங்க.

கார்வின்: ஆடறேன் சார். இப்ப மெதுவான பந்து வரும் பாருங்க.

வெஸ்: வாயை மூடு.

லோமாக்ஸ்: அடிச்சான்... கோட்டுக்கு வெளிய. செல்லாது! இதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான்.

வெஸ்: மெதுவான பந்துன்னு எப்படிடா கண்டுபிடிச்ச?

கார்வின்: நான் கோவப்படுத்தினா நீ அதைத்தான் கேப்ப. எத்தனை வருஷம் ஒரே ரூம்ல படுத்திருக்கோம். உன் கொறட்டைகூட எனக்கு மனப்பாடம்.

வெஸ்: அதான் நேத்தும்...

கார்வின்: நேத்தும் என்ன?

வெஸ்: ஒண்ணுமில்ல.

கார்வின்: சரி, சுத்தி வளைக்காத வெஸ். இன்னிக்கு எனக்கு ஒண்ணு விழணும். அவ்வளவுதானே?

வெஸ்: நான் சொன்னேனா?

கார்வின்: யாரும் சொல்ல வேண்டியதில்ல. நின்னு ரசிச்சவன் மேல மறுநாள் பந்து விழணும்ங்கறது எங்கயும் எழுதி வெக்காத சட்டம். நீயும் நானும் ஒரே பஸ்ல போகும்போது கத்துக்கிட்டது. தொடைல விழும். இல்லேன்னா பின்பக்கம், சதை இருக்கற இடத்துல.

வெஸ்: விழுந்தா தேய்க்கக் கூடாது.

கார்வின்: போட்டவனை முறைக்கக் கூடாது. மட்டையை மெதுவா வெச்சுட்டு முதல் பேஸுக்கு ஓடணும். அதோட சரி.

வெஸ்: தலைக்குப் போட்டா?

கார்வின்: போட்டவன் மனுஷனே இல்ல.

வெஸ்: பரவாயில்லையே. எல்லாம் தெரியுது. நேத்து மட்டும் மறந்துடுச்சாக்கும்.

லோமாக்ஸ்: ஏம்ப்பா, நான் இங்க நிக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா? இந்தப் பேச்சு என் காதுல விழுந்தா ரெண்டு பெஞ்சையும் கூப்பிட்டு எச்சரிக்கணும். அதனால விழல.

கார்வின்: பெரிய மனசு சார் உங்களுக்கு.

லோமாக்ஸ்: மனசு கினசு ஒண்ணும் இல்ல. இன்னிக்குத் தடுத்தா நாளைக்கு வேற எவன் முதுகுலயாவது விழும். ஒண்ணு விழட்டும், தீந்து போகும். அதுக்கு மேல எவனாவது துள்ளினா அத்தனை பேரையும் வெளிய அனுப்பிடுவேன்.

வெஸ்: கேட்டியா? அம்பயரே அனுமதி குடுத்துட்டார்.

லோமாக்ஸ்: நான் எதையும் குடுக்கல! போடச் சொல்லு.

லோமாக்ஸ்: ஏய்!... ரொம்ப உள்ள! டகெட், பாத்துப் போடுப்பா!

வெஸ்: அது தவறி வந்துச்சு. நான் அதைக் கேக்கல.

லோமாக்ஸ்: கார்வின், சட்டை பட்டனை உரசற மாதிரிப் போச்சு. மரம் மாதிரி நிக்கிறியே?

கார்வின்: ம்... படலையே சார்.

வெஸ்: பாருங்க சார் திமிரை! ஒரு அடிகூட பின்னால வைக்கல. ஜனங்க வேற கை தட்டுது. வீரனாம்.

கார்வின்: வெஸ்...

வெஸ்: என்ன வெஸ்? உனக்கு ஒரு வழி சொல்றேன், கேளு. எங்க பெஞ்சைப் பாத்து ஹெல்மெட்டைத் தொடு. வேற ஒண்ணும் வேணாம். 'தப்பாப் போச்சு'ங்கற மாதிரி ஒரு தொடுதல். நான் போய் டகெட்டை நிறுத்தறேன்.

கார்வின்: நான் தப்பு பண்ணலடா.

வெஸ்: அப்ப ஏன் நின்ன? ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. உன் கல்யாணத்துல மோதிரத்தை எடுத்துக் குடுத்தவன் கேக்கறேன்.

கார்வின்: ஆட்டத்தைப் பாருடா.

வெஸ்: சொல்லுடா.

கார்வின்: பாக்க அழகா இருந்துச்சு. போதுமா?

வெஸ்: போதும். ரொம்பப் போதும்.

லோமாக்ஸ்: முடிஞ்சுதா? டகெட் கால் மாத்தி கால் மாத்தி நிக்கிறான்.

கார்வின்: இருங்க சார், மட்டைல மண்ணு தேய்ச்சுக்கறேன்... வெஸ், ஒண்ணு கேக்கவா?

வெஸ்: கேட்டுத் தொலை.

கார்வின்: எந்தப் பந்துன்னு மட்டும் சொல்லு.

வெஸ்: அது சட்டத்துல இல்ல.

கார்வின்: தெரியும். இருந்தாலும் சொல்லு. வாங்கிக்கறேன். முதுகைத் திருப்பி நின்னே வாங்கிக்கறேன், யாருக்கும் சந்தேகம் வராது. எப்பன்னு மட்டும் சொல்லுடா.

வெஸ்: என்னடா குரல் நடுங்குது?

கார்வின்: நடுங்குதுன்னே வெச்சுக்கோ.

வெஸ்: நேத்து நடுங்கலையே.

கார்வின்: வெஸ், விளையாட்டுக்குக் கேக்கல. நீ சொல்றதைத்தான் நம்பி நிக்கப் போறேன். இப்ப வரப் போறதா?

வெஸ்: ...இல்ல.

கார்வின்: பின்ன இது?

வெஸ்: இது வெளிய போகும். நல்லா வெளிய. அடிக்கணும்னா எட்டித்தான் அடிக்கணும்.

கார்வின்: சத்தியமா?

வெஸ்: சத்தியமா.

கார்வின்: சரிடா.

லோமாக்ஸ்: ஆட்டம்!... விலகு! கார்வின், விலகுடா...!

வெஸ்: கார்வின்!

லோமாக்ஸ்: நிறுத்துங்க! ஒருத்தனும் பெஞ்சை விட்டு இறங்கக் கூடாது! டாக்டரைக் கூப்பிடு! வெஸ், அவன் தலையைத் தொடாத! அப்படியே விடு!

வெஸ்: டேய்... டேய் கார்வின்... கண்ணைத் திற. நான்தான். என்னைப் பாரு.

கார்வின்: ...கத்தாதடா. காதுக்குள்ள சர்ச் மணி அடிக்குது.

லோமாக்ஸ்: கன்ன எலும்புதான். ஹெல்மெட் ஓரத்துக்குக் கீழ. அசையாத தம்பி, டாக்டர் ஓடி வரார்.

கார்வின்: வாய்ல ஏதோ... கல்லு மாதிரி...

வெஸ்: பல்லுடா. துப்பு. முழுங்காத, துப்பு... என் கைல துப்பு.

கார்வின்: லோர்னாவை உள்ள விடாதீங்க. இப்படிப் பாக்க வேணாம்.

லோமாக்ஸ்: கம்பி வேலிகிட்ட நிறுத்தி வெச்சிருக்காங்க. கவலைப்படாத.

வெஸ்: தொடைக்குத்தான்டா கேட்டேன். சத்தியமா தொடைக்குத்தான். டகெட் கை வழுக்கி...

லோமாக்ஸ்: இன்னொரு சத்தியம் வேணாம் வெஸ்.

வெஸ்: சார்...

லோமாக்ஸ்: 'வெளிய போகும்'னு நீ சொன்னதை என் காதால கேட்டேன். அதை நம்பி இவன் குனிஞ்சு எட்டினான். தொடை இருக்க வேண்டிய இடத்துல மூஞ்சி இருந்துச்சு.

வெஸ்: நீங்க முன்னாடியே எச்சரிச்சிருக்கலாம்ல? அந்த உள்ள வந்த பந்துக்கே நிறுத்தியிருக்கலாம்ல?

லோமாக்ஸ்: நிறுத்தியிருக்கலாம்.

வெஸ்: அப்ப ஏன்...

லோமாக்ஸ்: நிறுத்தியிருக்கலாம்னு சொல்லிட்டேன்ல! விடு.

கார்வின்: சண்டை போடாதீங்க... வெஸ், உங்க மேனேஜர்தானே சொன்னார்? எனக்குப் போடச் சொல்லி?

வெஸ்: இப்ப எதுக்குடா அது?

கார்வின்: அவர் சொன்னா நீ என்ன பண்ணுவ. எனக்குப் புரியுது.

வெஸ்: அவர் சொல்லல.

கார்வின்: என்ன?

வெஸ்: வேணாம்னார். 'ஹோபி போயாச்சு, இதோட விடுங்க'ன்னார். நான்தான் டகெட்டைத் தனியா கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன்.

கார்வின்: ஹோபிக்காகவா?

வெஸ்: எனக்காக. ஹோபி நேத்து அந்த மெதுவான பந்தைப் போட மாட்டேன்னு தலையாட்டினான். திரும்பவும் ஆட்டினான். நான்தான் விடாம அதையே கேட்டேன். எனக்கு எல்லாம் தெரியும்ங்கற கொழுப்பு. அவன் வேலை போனது என் விரலால. அதை அடிச்சுட்டு நீ நின்னப்போ... என்னைப் பாத்துச் சிரிக்கற மாதிரியே இருந்துச்சுடா.

கார்வின்: சிரிக்கல.

வெஸ்: தெரியுது. இப்பத் தெரியுது. ஆனா நீ ஏன்டா நகரல? எட்டினாலும் பின்னால இழுத்திருக்கலாமே. கைக்குழந்தைகூட தலையை இழுக்கும். நீ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு...

லோமாக்ஸ்: ஆமா. இமைகூட ஆடல. நானும் பாத்தேன்... ஸ்ட்ரெச்சர் வருது. இருங்க, வழி விடச் சொல்றேன்.

கார்வின்: போயிட்டாரா?

வெஸ்: போயிட்டார். பேசாத, ரத்தம் வருது.

கார்வின்: கிட்ட வா. எங்க டீம்ல சொல்லிடாத. இடது கண்ணு போச்சுடா, பந்து வர்ற பக்கத்துக் கண்ணு. வசந்தகாலத்துலேருந்தே. வெறும் மூடுபனி. லோர்னாவுக்குக்கூடத் தெரியாது.

வெஸ்: போச்சுன்னா... நேத்து அதை எப்படி அடிச்ச?

கார்வின்: பந்தைப் பாத்தா அடிச்சேன்? உன்னைத் தெரியும். நீ எப்ப எதைக் கேப்பேன்னு தெரியும். அதை வெச்சு சுத்தினேன்.

வெஸ்: அப்ப நீ நின்னது...

கார்வின்: நல்லாப் பட்டுதுன்னு கைக்குத் தெரிஞ்சுது. எங்க போச்சுன்னு தெரியல. கோட்டுக்கு உள்ளயா வெளியவான்னு வானத்துல தேடிக்கிட்டு நின்னேன். ஜனங்க கத்தினப்புறம்தான் ஓடினேன். இன்னிக்கும் பந்து வர்றது தெரியலடா... அதான் உன்கிட்ட கேட்டேன்.