ஓடிவிட்ட கார்

ஜன்னல் சட்டமெல்லாம் கடகடக்கும் அந்தப் பழைய பஸ்கள் இப்போது இல்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு மாலை, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் அப்படியொரு பஸ். எனக்கு முன்னால் பொறியியல் மாணவர்கள் இருவர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"கார் ஓடிடுச்சேடா. இனி என்ன சொல்லிப் புதுப் பசங்களக் காலேஜ் கார் கிளப்ல சேக்கிறது?" என்றான் கண்ணாடி போட்டவன்.

கார் ஓடியதற்காக வருத்தப்பட்டவனை நான் அதுவரை பார்த்ததில்லை. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஓட்டிக் காட்டலாம்லா," என்றான் பக்கத்தில் இருந்த ஒல்லிப் பையன்.

"கைதட்டிட்டுப் போயிடுவாங்க. வேலை இருந்தாத்தானே மூணு வருஷம் நிப்பாங்க? நம்மள எப்படிப் பிடிச்சாங்க?"

"ஷெட்ல எஞ்சினப் பிரிச்சுப் பரப்பி வச்சிருந்தாங்க. 'இது இதுவரைக்கும் ஓடினதே இல்ல, நீங்கதான் ஓட வைக்கணும்'னு சீனியர் சொன்னாரு. அதக் கேட்டுத்தானே சேந்தோம்."

"நாமளும் அதையே சொல்லுவோம். நாளைக்கே பிரிச்சிடலாம்."

"மூணு வருஷம் பாடுபட்டோம். ஓடினது நேத்துதான்டா."

"தெரியும்."

பஸ் தேக்கா மார்க்கெட்டைத் தாண்டியது. பிறகு ஒல்லிப் பையன் மெதுவாகக் கேட்டான்.

"நாம சேந்த அன்னைக்கு டாங்க்ல பாதிக்குப் பெட்ரோல் கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஓடாத காருக்கு யாருடா பெட்ரோல் ஊத்துவா?"