நாலு நாள், ரெண்டு துடுப்பு

அக்கா: டேய், ஒரு நிமிஷம் திரும்பிக்கிறேன்டா. கழுத்து புடிச்சுக்கிச்சு.

தம்பி: திரும்பாதேன்னு எத்தனை தடவை சொல்றது? முன்னாடி உக்காந்தவங்க திரும்பினா படகு கவுந்துடும். முந்தாநாள் பட்டது போதாதா?

அக்கா: முந்தாநாள் கவுத்தது யாரு? தூண்டில்ல ஒரு மீன் மாட்டினதும் எழுந்து நின்னு குதிச்ச மகராசன் யாரு?

தம்பி: அது... பெரிய மீனுக்கா.

அக்கா: பெரிய மீனு! டென்ட் நனைஞ்சுது, போர்வை நனைஞ்சுது, மீனும் போச்சு. ராத்திரி பூரா எனக்குப் பல்லு தந்தியடிச்சுது.

தம்பி: சரி சரி, எதிர்ல பாரு. பாறை வருது. இடது பக்கம் போடு.

அக்கா: போட்டாச்சு.

தம்பி: தோள்பட்டை எப்படி இருக்கு?

அக்கா: நூறாவது தடவையா கேக்குற.

தம்பி: கேக்காம? ஆபரேஷன் பண்ணி எட்டு மாசம்தானே ஆகுது.

அக்கா: டாக்டரே பஸ் ஓட்டலாம்னு சொல்லிட்டாரு. உனக்கென்ன?

தம்பி: அப்புறம் ஏன் டிப்போவுக்குப் பதில் சொல்லாம இழுத்தடிக்கிற? திங்கக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா உன்னை டிக்கெட் கவுண்டர்ல உக்கார வெச்சிடுவாங்க.

அக்கா: ...பயமா இருக்காதாடா? பின்னால அறுபது பேரு உக்காந்திருப்பாங்க. ஒரு வளைவுல கை விட்டுப்போச்சுன்னா?

தம்பி: பதினாலு வருஷம் ஓட்டின கைக்கா அது.

அக்கா: கத்தி படாத கை அது. இது வேற.

தம்பி: அதைப் பார்த்துடலாம்னுதானே ஆத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்.

அக்கா: பொய் சொல்லாதே. மீன் புடிக்கணும்னு நீதானே நச்சரிச்ச...

தம்பி: ரெண்டும்தான்.

அக்கா: ஆமா... நேத்து மத்தியானத்திலேருந்து படகு ஏன் இப்படிக் கனக்குது?

தம்பி: காத்துக்கா. எதிர்க்காத்து.

அக்கா: ஒரு இலை அசையலையே.

தம்பி: மேல தெரியாது. தண்ணி மட்டத்துல மட்டும் அடிக்கும்.

அக்கா: அடேங்கப்பா! அப்போ நேத்து சாயந்திரம் மூணு மீனைத் தூக்கிக் காட்டினியே, அது எப்போ புடிச்சது?

தம்பி: அது... துடுப்பு போடும்போதே தூண்டிலைப் பக்கத்துல சொருகி வெச்சிருந்தேன். தானா மாட்டிக்கிச்சு.

அக்கா: தானா!

தம்பி: பேச்சை விடு, அதோ துறை! நமக்குப் படகு வாடகைக்குக் குடுத்தவரு நிக்கிறாரு பாரு. வலது பக்கம்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்!

படகுக்காரர்: வாங்க வாங்க! சாயந்திரம் ஆகும்னு நினைச்சேன், மத்தியானமே வந்துட்டீங்க! கயித்தை வீசுங்க... ஆங். துடுப்பைக் குடுங்க. ...என்ன தம்பி இது? ஒண்ணு சொட்டச் சொட்ட இருக்கு, உங்களுது சருகாக் காஞ்சு கிடக்கு?

தம்பி: வெயிலு...

அக்கா: வெயில் உன் துடுப்புல மட்டும்தான் அடிச்சுதா? சொல்லு.

தம்பி: கோச்சுக்கக் கூடாது.

அக்கா: சொல்லுடா!

தம்பி: நேத்து மத்தியானம் அந்த இரும்புப் பாலத்துக்கிட்ட மீன் மாட்டுச்சு. அதை இழுக்கத்தான் துடுப்பைக் கீழ வெச்சேன். சத்தியமா சோம்பேறித்தனம்தான். பார்த்தா... படகு நிக்கவே இல்லக்கா. நீ பாட்டுக்குப் போயிட்டே இருந்த. அப்புறம் அதை எடுக்க எனக்கு மனசே வரல. பாறை, சுழல், அந்தப் பெரிய வளைவு... எல்லாம் நீதான். நான் இடது, வலதுன்னு வாயால ஓட்டினதோட சரி. உன் முதுகைப் பார்த்துக்கிட்டே வந்தேன். எங்க அக்காடான்னு கத்தணும்போல இருந்துச்சு.

படகுக்காரர்: அம்மாடி! பாலத்துலேருந்து இங்க வரைக்கும் இவங்க ஒருத்தரா? இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்குமே!

தம்பி: கேட்டியா? அவரே சொல்றாரு! ...அக்கா? ஏன் சிரிக்கிற? கோவமா? இப்பவாச்சும் டிப்போவுக்கு போன் பண்ணேன்.

அக்கா: அட மக்கு! பின்னால துடுப்புச் சத்தம் நின்னது எனக்குக் கேக்காதா? பதினாலு வருஷமா பஸ்ல பின்னால நடக்குறதைக் காதாலயே பார்த்தவடா நான். நீ மறுபடியும் அதை எடுத்துடக் கூடாதேன்னுதான் தெரியாத மாதிரியே வந்தேன். இன்னிக்குக் காலையில கரையில இறங்கித் தண்ணி வாங்கப் போனேன்ல... பயம் போகலைன்னாலும் அங்கேருந்தே டிப்போவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன், திங்கக்கிழமை மொத வண்டி நான்தான் எடுக்குறேன்னு.