ஸ்பீக்கர் பக்கத்து இடம்

தருவைகுளம் பேருந்தில் என் முன்னிருக்கைக்காரர் மடியில் டிரம் குச்சிகள் இருந்தன. பக்கத்துப் பெரியவரிடம், “அண்ணாச்சி, அந்தப் பக்கக் காது செத்துப்போச்சு, இந்தக் காதும் அரைகுறைதான். இந்தப் பக்கமா வந்து சத்தமாப் பேசுங்க,” என்றார்.

“கடலாழத்துல முங்கிச் சங்கு குளிச்சு எனக்கும் ஒரு காது போச்சு. ஒமக்கு எப்படி?” என்று பெரியவர் கத்தினார்.

“இருவது வருசமா ஸ்பீக்கர் பாக்ஸ ஒட்டி உக்காந்து வாசிச்சேன். தள்ளி வைங்கன்னு சொன்னா கச்சேரி நடத்துறவன் வேற ஆளக் கூப்பிட்டுருவான்.”

“இப்பம் எப்படித் தாளம் பிடிக்கீரு?”

“கிட்டார்காரன் காலப் பாத்துத்தான். குழுவுல ஒருத்தனுக்கும் தெரியாது.”

“வீட்டுல?”

“மக பாடப் பழகுதா. பாடி முடிச்சிட்டு என் மொகத்தையே பாப்பா. அவ வாய் அசையறது நின்னதும் கை தட்டிருதேன்.”