கண்டக்டருக்குக் குரல் வந்த நாள்

பட்டம் வாங்கப் போற பல் டாக்டர்களே, பிள்ளைங்களைப் பார்க்க வந்திருக்கிற பெத்தவங்களே… ரொம்ப நேரம் உங்களை உட்கார வைக்க மாட்டேன். ஒருத்தங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லிட்டு இறங்கிடுறேன். சின்னக் கதைதான், கேளுங்க.

எப்சிபான்னு ஒரு டாக்டரம்மா. பி.டி.எஸ். முடிச்சு, உங்களை மாதிரியே மேல மூணு வருஷம் எம்.டி.எஸ். படிச்சவங்க. வேலை எங்கே? திருநெல்வேலிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில. வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவங்களுக்கு, வெட்டி எடுத்த இடத்தை அடைக்கிற பிளேட் செஞ்சு மாட்டுற வேலை. கூடப் படிச்ச பிரதீப் கோயமுத்தூர்ல பெரிய கிளினிக் வெச்சிருக்கார். போன் போடுறார். "எத்தனை நாள் எப்சிபா அங்கேயே மெழுகைப் பிசைஞ்சுக்கிட்டு இருப்பே? இங்கே வா, சேர்ந்து நடத்துவோம்." இவங்களுக்கும் அலுத்துப் போச்சு. "திங்கட்கிழமை சொல்றேன் பிரதீப்"னாங்க. மனசுக்குள்ள போறதுன்னு முடிவே பண்ணியாச்சு…

வெள்ளிக்கிழமை உச்சிமாகாளின்னு ஒருத்தர் வர்றார். பஸ் கண்டக்டர். மேல் அண்ணத்துல பாதியை ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. எல்லாரும் நாக்கால மேலே தொட்டுப் பாருங்க… தொட்டீங்களா? அந்தக் கூரை அவருக்கு இல்லை! தண்ணி குடிச்சா மூக்கு வழியா வரும். பேசினா ஒரு வார்த்தை விளங்காது. ஏழு மாசமா எல்லாத்தையும் எழுதித்தான் காட்டுறார்.

முன்னமே அச்சு எடுத்துச் செஞ்ச பிளேட்டை டாக்டரம்மா மாட்டுறாங்க. "ஒண்ணு, ரெண்டு சொல்லுங்கண்ணே."

அவர் எண்ணலை. கண்ணை மூடிக்கிட்டு, தான் ஓடின ரூட்டைச் சொல்றார். பாளையங்கோட்டைன்னு சொல்ல வர்றார்… "மாளையங்ஙோண்ணை"ன்னு வருது. கழட்டினாங்க. ஓரத்துல கொஞ்சம் கூட்டிப் பூசினாங்க. மாட்டினாங்க. "மாளை…" மறுபடி கழட்டினாங்க. மூணு தடவை… நாலு தடவை… அவருக்குக் கண்ணு கலங்குது. இவங்க விடலை. அஞ்சாவது தடவை…

"பாளையங்கோட்டை!"

வராண்டா வரைக்கும் கேட்டுச்சாம்! "செய்துங்கநல்லூர்! கருங்குளம்! ஆழ்வார்திருநகரி! தென்திருப்பேரை! குரும்பூர்! திருச்செந்தூ…ர்!" வெளியே காத்திருந்த நோயாளிங்க எல்லாம் கதவுல வந்து நிக்கிறாங்க. அவர் திரும்பி, பின்னால நின்ன சம்சாரத்தைப் பார்த்து, "பாப்பா!"ங்கிறார்.

அந்தம்மா அப்படியே சுவர்ல சாஞ்சு உட்கார்ந்துட்டாங்க. "எம் பேரு பாப்பா, டாக்டரம்மா. ஏழு மாசமா அவுக வாயில 'மாம்மா'ன்னுதான் வந்துச்சு."

டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க. குடிச்சார். மூக்குல ஒரு சொட்டு வரலை.

அன்னிக்கே பிரதீப்புக்குப் போன். "நான் வரலை."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒருத்தர் பேசினார் பிரதீப்… என் கண்ணு முன்னாடி பேசினார்."

"அப்போ நீ அங்கேயே இரு"ன்னார் பிரதீப். அவரும் நல்ல மனுஷன்தான்.

போன மாசம் அந்த டாக்டரம்மாவை நான் நேர்ல கேட்டேன். "இத்தனை வருஷமாச்சே… திருப்தியா இருக்கீங்களா?" சிரிச்சாங்க. "எல்லா நாளும் இல்லை சார். சில நாள் எரிச்சலா வரும். ஆனா செத்துப்போன ஒரு குரல் எழுந்து வர்றதை நான் பார்த்திருக்கேன். அதுக்கு மேல என்ன கேட்கிறது?"

நினைச்சுப் பாருங்க! உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு துண்டு… மனுஷனுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுக்குது. அதைச் செய்யற கை உங்க கை! ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சொந்தமா கிளினிக் வெச்சாலும் சரி, நான் குறுக்கே நிக்கலை. ஆனா செஞ்சு மாட்டிட்டு, "அடுத்த ஆளை வரச் சொல்லு"ன்னு உடனே திரும்பிடாதீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த முகத்தைப் பாருங்க. நீங்க படிச்ச படிப்பு எவ்வளவு பெருசுன்னு அங்கேதான் தெரியும்.