கம்பெனி பக்கம் எழுதியவள்

மலேசியாவில் சுங்காயிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் மகளும். சட்டம் படிப்பதற்கான நுழைவுத் தேர்வை மகள் இரண்டாவது தடவை எழுதித் தேறியிருக்கிறாள். அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். திடீரென்று அம்மாவின் குரல் உயர்ந்தது.

"நாம இருக்கிற தோட்டத்து லயத்து வீட்ட இடிக்கலாம்னா எழுதுன?"

"நம்ம வீடுன்னு எழுதலம்மா. பழைய தோட்டத்த வாங்குன கம்பெனி, அங்க காலங்காலமா இருக்கிறவங்கள வெளியேத்தலாமான்னு கேள்வி. எந்தப் பக்கமும் எழுதலாம்லா."

"அடுத்த வாரம் நமக்கே கோர்ட்டுல இதே கேஸ் இருக்கு. ஒனக்கு கம்பெனி பக்கந்தான் கெடச்சுச்சா?"

"போன தடவையும் இதே மாதிரி கேள்விதான். அழுதுகிட்டே நம்ம பக்கம் எழுதுனேன், ஃபெயில். இந்தத் தடவ கம்பெனி பக்கம் எழுதுனேன், பாஸ்."

அந்த அம்மாவுக்கு மட்டுமா, எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. வழியில் தாப்பா ஊரில் பஸ் நின்று கிளம்பியது. அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அவ்வளவு நல்லாவா எழுதுன?"

"திருப்பிப் படிச்சுப் பாத்தேன்மா. கம்பெனி சொல்றதுதான் சரின்னு எனக்கே பட்டுச்சு."

"அப்ப அவங்க லாயரும் இதத்தானே பேசுவான். நாம என்ன பதில் சொல்றது?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதாம்மா எனக்கு இன்னும் தெரியல."